பேங்கை மாத்திரலாமா அண்ணாச்சி?

செல்போன் கம்பெனி பிடிக்கவில்லையா? நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். 2011 ஜனவரி 20-ம் தேதியிலிருந்து இந்தியா முழுக்க இந்த வசதி இருக்கிறது. ஒரு எஸ்.எம்.எஸ்., ஒரு கையெழுத்து, சில நாள் காத்திருப்பு. முடிந்தது கதை!

பேங்க் கணக்கு மட்டும் அப்படியில்லை. பேங்கை மாற்றினால் கணக்கு நம்பர் மாறும். ஐ.எஃப்.எஸ்.சி. கோடு மாறும். செக் புக் மாறும். அந்த நம்பரை நம்பி நமக்குப் பணம் அனுப்புகிற ஒவ்வொருவரிடமும் போய் ‘இனிமே இதுல போடுங்க’ என்று சொல்லவேண்டும்.

பிரிட்டனில் இந்தத் தலைவலியை 2013 செப்டம்பரில் தீர்த்துவிட்டார்கள். அங்கே புது பேங்கில் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழு வேலை நாட்களில் பழைய கணக்கில் இருக்கிற பணம், மாதாமாதம் போகிற கட்டணங்கள் எல்லாம் புதுக் கணக்குக்கு வந்துவிடும். யாராவது மறந்துபோய் பழைய நம்பருக்குப் பணம் அனுப்பினாலும் அது தானாகவே புது நம்பருக்குத் திரும்பிவிடும். சிறு வியாபாரிகளுக்கும் இந்த வசதி உண்டு.

நம் ஊரிலும் பேச்சு எழாமல் இல்லை. 2017 மே மாதம், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த எஸ்.எஸ்.முந்த்ரா, ‘கணக்கு நம்பரை மாற்றாமல் பேங்கை மாற்றும் வசதி இங்கேயும் சாத்தியம்தான்’ என்று பேசினார். பேச்சு பேச்சாகவே இருக்கிறது. ஆகவே, இங்கே பேங்கை மாற்றுவது என்றால் வீடு மாற்றுகிற மாதிரி. சாமான்களை நாமேதான் கட்டவேண்டும், நாமேதான் இறக்கவேண்டும்.

அதனால்தான் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது. மாற்றலாமா, வேண்டாமா?

நான் சொல்வது சேவிங்ஸ் கணக்கைப் பற்றியல்ல. சேவிங்ஸ் கணக்குக்காரர்களுக்கு ரிசர்வ் வங்கி ஓரளவு குடை பிடித்திருக்கிறது. 2015 ஏப்ரலிலிருந்து, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்பத்தான் அபராதம் போடலாம், அதையும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்று விதி வந்தது. 2020 ஜனவரி 1 முதல், ஆன்லைனில் நெஃப்ட் மூலம் பணம் அனுப்ப அவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் வந்தது.

கடை வைத்திருப்பவர்கள், பட்டறை நடத்துகிறவர்கள், சின்னதாக ஏஜென்சி எடுத்திருப்பவர்கள் எல்லாம் வைத்திருப்பது கரண்ட் அக்கவுண்ட். அதில் வட்டி கிடையாது. இருப்பு குறைந்தால் எவ்வளவு அபராதம், எத்தனை செக் இலவசம், எவ்வளவு ரொக்கம் கட்டலாம்... எல்லாம் அந்தந்த பேங்க் வைத்ததுதான் சட்டம். பேங்குக்கு பேங்க் வித்தியாசம். ஒரே பேங்கில் ஸ்கீமுக்கு ஸ்கீம் வித்தியாசம். குடை இல்லாதவர்கள்தான் மழையைக் கவனிக்கவேண்டும், இல்லையா?

தென் சென்னையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். பி.காம். படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, பேங்கிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார். போன வருடம் ஒருநாள் கூப்பிட்டார்.

“தம்பி, பேங்கை மாத்திரலாம்னு இருக்கேன். என்ன சொல்லுதிய?”

“ஏன் அண்ணாச்சி, என்ன ஆச்சு?”

“மாசாமாசம் என்னமோ பிடிக்கான். கேட்டா கேஷ் ஹேண்ட்லிங்குங்கான். நம்ம காசை நாம கொண்டு போய்க் கொடுக்கதுக்கு அவனுக்குக் கூலியா?”

நியாயமான கேள்வி! அந்தச் சமயம் பார்த்து இன்னொரு பேங்கிலிருந்து டை கட்டின பையன் ஒருவன் கடைக்கு வந்திருக்கிறான். ‘எங்ககிட்ட வாங்க சார், எல்லாமே ஃப்ரீ’ என்று ஒரு பளபள பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அண்ணாச்சியின் மகள் எம்.பி.ஏ. முடித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். அவள் ஒரே முடிவாக இருந்தாள். “மாத்திடலாம்பா.”

அண்ணாச்சிதான் தயங்கினார். காரணம், 2015.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். சிமென்ட் மூட்டை கல்லாகிவிட்டது. பெயின்ட் டப்பாக்கள் மிதந்தன. மின்சாமான்கள் அத்தனையும் குப்பை. இரண்டு லட்சம், மூன்று லட்சம் இருந்தால்தான் மறுபடி கடையைத் திறக்கலாம் என்ற நிலையில், பேங்க் மேனேஜர் முழங்கால் சேற்றில் நடந்து கடைக்கே வந்தாராம். பத்து நாளில் மூன்று லட்ச ரூபாய் லோன் சாங்ஷன் ஆனது. அண்ணாச்சி மூன்றே வருடத்தில் ஒரு தவணை பாக்கியில்லாமல் கட்டி முடித்தார்.

“அந்த மனுசன் இல்லேன்னா இன்னிக்கு இந்தக் கடை இல்ல தம்பி. அந்த பேங்கை விட்டுட்டுப் போறது நன்றிகெட்டதனம் இல்லையா?”

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, ஒருநாள் கோபத்தில் மாற்றுகிறார்கள். அல்லது, ஒருநாள் செய்த உதவிக்காக ஆயுசுக்கும் மாற்றாமல் இருக்கிறார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காத முடிவுகள்.

நான் அண்ணாச்சியிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். “கடைசி 12 மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்துட்டு வாங்க.”

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். பேங்கை மாற்றுவதா என்ற கேள்விக்குப் பதில் புது பேங்கின் விளம்பரத்தில் இல்லை, உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, பேங்க் பிடித்த ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்பு மையால் கோடு போடுங்கள். பிறகு அவற்றை இனம் பிரித்துக் கூட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை.

அண்ணாச்சி கணக்கில் வந்தது இது. மாதம் சுமார் 6 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கட்டுகிறார். அவர் இருந்த ஸ்கீமில் மாதம் 2 லட்சம் வரை இலவசம். அதற்குமேல் ஆயிரத்துக்கு 4 ரூபாய். ஆக, மீதி 4 லட்சத்துக்கு 1,600 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 288 ரூபாய். மொத்தம் 1,888. வருடத்துக்கு 22,656 ரூபாய்!

செக் புக், எஸ்.எம்.எஸ். என்று மற்றதெல்லாம் சேர்த்தும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. அதாவது, அவர் பேங்குக்குக் கொடுத்ததில் கிட்டத்தட்ட முழுப் பணமும் ஒரே ஒரு வரியில் போயிருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. நீங்கள் வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர் என்றால், பேங்க் பிடித்த அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஜி.எஸ்.டி. நம்பர் பேங்கில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி மாதிரி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. போனது போனதுதான்.

அடுத்து நான் பார்த்தது, அவர் கணக்கில் சராசரியாக எவ்வளவு பணம் கிடக்கிறது என்பது. அவருடைய ஸ்கீமுக்கு 25,000 ரூபாய் இருந்தால் போதும். ஆனால், மனுஷன் சராசரியாக 70,000 வைத்திருக்கிறார். கேட்டால், “செக் ரிட்டர்ன் ஆயிரக்கூடாது பாருங்க.” வட்டியில்லாத கணக்கில் 70,000 ரூபாய்! பேங்குக்கு இதைவிட இனிப்பான வாடிக்கையாளர் கிடைப்பாரா?

“புது பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி இந்த பேப்பரை எடுத்துட்டு உங்க பேங்குக்கே ஒரு தடவை போங்க” என்றேன். அவர் தயங்கினார். மகள் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கிளையில் இப்போது இருப்பது ஒரு இளம் பெண் மேனேஜர். பேப்பரைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். “சார், நீங்க கணக்கு ஆரம்பிச்சப்ப போட்ட அதே ஸ்கீம்லயே இருக்கீங்க. இதுக்கு அடுத்த ஸ்கீமுக்கு 50,000 சராசரி இருந்தா போதும். ரொக்கம் 5 லட்சம் வரைக்கும் ஃப்ரீ. உங்களுக்குத்தான் அதுக்கு மேலயே இருப்பு இருக்கே, ஒரு லெட்டர் கொடுத்தா மாத்திடலாம்.”

ஒரு லெட்டர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். புது ஸ்கீமில் மாதம் 1 லட்சத்துக்குத்தான் கட்டணம். 400 ரூபாய், ஜி.எஸ்.டி. 72. ஆக 472. வருடத்துக்கு 5,664. கையிலிருந்து கூடுதலாக ஒரு பைசா போடாமல் வருடத்துக்கு 16,992 ரூபாய் மிச்சம்.

கடைக்குத் திரும்பி வந்த அண்ணாச்சிக்கு சந்தோஷம் இல்லை, கோபம்தான். “இத்தனை வருசமா ஏன் தம்பி ஒருத்தனும் சொல்லல?”

ஏன் சொல்லவேண்டும்? ஹோட்டலில் இரண்டு இட்லி, ஒரு வடை என்று தனித்தனியாக ஆர்டர் செய்கிறவரிடம் ‘செட்டா வாங்கினா குறைச்சல் சார்’ என்று சொல்கிற சர்வரும் இருக்கிறார், சொல்லாத சர்வரும் இருக்கிறார். பேங்கில் உங்கள் ஸ்கீமை வருடாவருடம் சரிபார்த்துச் சொல்ல யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் கிடைக்காது. அழுத பிள்ளைக்குத்தான் பால். நம் முன்னோர் பேங்கில் கணக்கு வைக்காமலே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, அந்தப் பளபள பேப்பர் என்ன ஆச்சு? அதையும் பார்த்தோம். ‘எல்லாமே ஃப்ரீ’க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பேப்பரின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் விளக்கம். சராசரியாக 1 லட்சம் இருப்பு வைக்கவேண்டும். சராசரி இருப்பின் 10 மடங்கு வரை ரொக்கம் இலவசம். இருப்பு குறைந்த மாதம் 1,000 ரூபாய் அபராதம், ஜி.எஸ்.டி. தனி.

அண்ணாச்சி கூடுதலாக 30,000 ரூபாயை அதில் முடக்கவேண்டும். அதை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு 7 சதவீதம் கிடைத்தால் 2,100 ரூபாய். சரக்கு எடுக்கிற மாதங்களில் இருப்பு எப்படியும் இறங்கும். வருடத்தில் மூன்று மாதம் என்று வைத்தால் அபராதம் ஜி.எஸ்.டி.யோடு 3,540. இரண்டையும் கூட்டினால் 5,640. பழைய பேங்கின் புது ஸ்கீமில் 5,664.

வித்தியாசம் 24 ரூபாய்! இரண்டு டீ.

இதற்காகவா வீடு மாற்றுவது?

மகள் விடவில்லை. “அங்கிள், ரெண்டு டீ விஷயம் விடுங்க. அடுத்த வருஷம் பக்கத்துக் கடையையும் எடுக்கணும். 15 லட்சம் லோன் வேணும். அதை யார் கொடுப்பாங்க? அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.”

விவரமான பெண்! இந்த விஷயத்தின் முதுகெலும்பை அவள்தான் தொட்டாள். கரண்ட் அக்கவுண்ட் என்பது வெறும் பணம் போட்டு எடுக்கிற இடமல்ல. நாளைக்குக் கடன் கேட்டுப் போகும்போது நமக்காகப் பேசப்போகிற சாட்சி.

அந்தக் காலத்தில் சாட்சி மேனேஜர். நம் முகம் தெரியும், கடை தெரியும், நாணயம் தெரியும். தமிழ்நாட்டின் பழைய பேங்குகள் எல்லாம் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவைதான். 1904-ல் கும்பகோணத்தில் ஆரம்பித்த சிட்டி யூனியன், 1916-ல் கரூரில் ஆரம்பித்த கரூர் வைஸ்யா, 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாக ஆரம்பித்து பிறகு தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆன வங்கி... கடைத்தெருவைத் தெரிந்தவர்கள் கடைத்தெருவுக்காக நடத்தியவை.

இப்போது மேனேஜருக்கு உங்களைத் தெரிந்தாலும், கடன் முடிவில் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சிபில் ஸ்கோர் மூன்றும் பேசுகிற அளவுக்கு அவரால் பேச முடியாது. இது வருத்தமான செய்தி மாதிரித் தெரியும். நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. உங்கள் நாணயம் முன்பு ஒரு மேனேஜரின் மனதில் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனால் கூடவே போய்விடும். இப்போது அது பேப்பரில் இருக்கிறது. எந்த பேங்க் வாசலுக்கும் நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

அண்ணாச்சிக்கு உதவிய அந்த மேனேஜர் எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அண்ணாச்சி நன்றி செலுத்திக்கொண்டிருந்தது மனுஷருக்கு. மாதம் 1,888 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது பேங்க். நன்றி சொல்லவேண்டும் என்றால் தீபாவளிக்கு ஒரு டப்பா ஸ்வீட்டோடு அவர் வீட்டுக்குப் போகலாம். (பிறகு போனார் என்பது வேறு விஷயம்.)

இன்னொன்றையும் யோசியுங்கள். நாம் பேங்கை மாற்றாவிட்டாலும் பேங்க் நம்மை மாற்றும். 1943-ல் கருமுத்து தியாகராஜ செட்டியார் ஆரம்பித்த பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி அலகாபாத் பேங்க், இந்தியன் பேங்கோடு சேர்ந்தது. ‘எங்க அப்பா காலத்து பேங்க்’ என்று நாம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போர்டு மாறிவிடுகிறது.

1926-ல் கரூரில் ஆரம்பித்த லட்சுமி விலாஸ் வங்கியின் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 நவம்பர் 17-ம் தேதி சாயங்காலம் அறிவிப்பு வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்குமேல் எடுக்க முடியாது! நவம்பர் 27-ம் தேதி அது டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் பணம் பத்திரமாகக் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

பணம் போகவில்லைதான். ஆனால் சேவிங்ஸ் கணக்குக்காரருக்குப் பத்து நாள் என்பது பத்து நாள். சனிக்கிழமை கூலி கொடுக்கவேண்டிய ஒரு வியாபாரிக்குப் பத்து நாள் என்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

டெபாசிட் இன்ஷூரன்ஸ் 2020 பிப்ரவரியில்தான் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. கரண்ட் அக்கவுண்ட்டுக்கும் அது உண்டு. கட்டுப்பாட்டில் சிக்கிய பேங்க் என்றால் 90 நாளுக்குள் அந்தப் பணத்தைக் கொடுக்கவேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. நல்லதுதான். ஆனால், கடைக்கு 90 நாள் தாங்குமா? அதனால், மொத்த வியாபாரமும் ஒரே பேங்கில் என்று இல்லாமல் இன்னொரு பேங்கில் சின்னதாக ஒரு கணக்கு இருப்பது ஊதாரித்தனம் இல்லை. ஸ்டெப்னி டயர் மாதிரி.

கடன் வாங்கியிருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். ஓ.டி., கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர்கள் வேறு பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் திறக்க 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. 2021-ல் 5 கோடிக்குக் குறைவாகக் கடன் வைத்திருப்பவர்களுக்கு அதைத் தளர்த்தியது. இந்த விதிகள் அவ்வப்போது மாறுகிறவை. கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு என்ன நிலைமை என்று இரண்டு பேங்கிலும் கேட்டுவிடுங்கள்.

இப்போது, கூட்டிக் கழித்துப் பார்த்தபிறகும் உங்களுக்கு மாற்றுவதுதான் சரி என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாராளமாக மாற்றுங்கள். ஆனால், வரிசை முக்கியம். முதலில் திற, கடைசியில் மூடு. இதைக் கல்லாப்பெட்டி மேல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

புதுக் கணக்கைத் திறந்த கையோடு ஜி.எஸ்.டி. பதிவில் அதைச் சேர்த்துவிடுங்கள். போர்ட்டலிலேயே சேர்க்கலாம், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. வருமான வரி போர்ட்டலிலும் புதுக் கணக்கைச் சரிபார்த்து வையுங்கள். இல்லையென்றால் ரீஃபண்ட் அந்தரத்தில் நிற்கும். கடை வாசலில் இருக்கிற கியூ.ஆர். அட்டையின் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதை மாற்றுங்கள். இன்வாய்ஸில் அச்சடித்திருக்கிற கணக்கு நம்பரை மாற்றுங்கள். பழைய பில் புக் இருநூறு கிடக்கிறதே என்று அதிலேயே எழுதிக் கொடுக்காதீர்கள். தனி உரிமையாளர் கணக்கு என்றால் நாமினி பெயரை மறக்காமல் போடுங்கள். 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை நாமினி போடலாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். செக்!

மொத்த வியாபாரிகளுக்கு முன்தேதியிட்ட செக் கொடுத்திருப்பீர்கள். அது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம், மறந்தும் போயிருக்கலாம். பழைய கணக்கை மூடிய பிறகு அந்தச் செக் பேங்குக்குப் போனால், ‘கணக்கு மூடப்பட்டது’ என்று திரும்பி வரும். ‘பணம் இல்லைன்னுதானே கேஸ் போடமுடியும், நான் கணக்கையே மூடிட்டேனே’ என்று புத்திசாலித்தனமாக நினைக்காதீர்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் என்.இ.பி.சி. மைகான் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணக்கை மூடியதால் செக் திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு பாயும். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எதிராளி நோட்டீஸ் அனுப்பவேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால், பாரிமுனையில் இருபது வருடம் சம்பாதித்த பேர்? அதற்கு எந்தப் பிரிவில் ஜாமீன் கிடைக்கும்?

வண்டித் தவணை, இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று தானாகப் பிடித்துக்கொள்கிறவையும் இதே ஜாதிதான். அவை பணமில்லாமல் திரும்பினால், 2007-ம் வருடத்து பட்டுவாடா முறைகள் சட்டத்தில் 138-க்கு ஒரு தம்பி இருக்கிறார். 25-வது பிரிவு. அதே தண்டனை!

ஆகவே, நீங்கள் கொடுத்த கடைசி செக்கின் தேதியைப் பாருங்கள். ஒரு செக்கின் ஆயுள் அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம். அதுவரை பழைய கணக்கு உயிரோடு இருக்கவேண்டும், அதில் பணமும் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு மீதமுள்ள செக் இலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடுங்கள். மூடுவதற்கு முன்பே பழைய ஸ்டேட்மென்ட் அத்தனையும் டவுன்லோடு பண்ணிக்கொள்ளுங்கள். மூடியபிறகு நெட் பேங்கிங் திறக்காது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்கு வழக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். தவிர, நான் சொன்ன அந்தச் சாட்சி அந்தப் பேப்பர்தானே!

சிலர் மூடவும் மாட்டார்கள், நடத்தவும் மாட்டார்கள். ‘கெடக்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் நாமாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. அப்படி ஆன பிறகு குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடக்கூடாது என்று 2024-ல் ரிசர்வ் வங்கி விதி வந்திருக்கிறது. ஆனால், அந்த இரண்டு வருடத்துக்கு? மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். கரையான் சத்தம் போட்டுக்கொண்டா மரத்தைத் தின்கிறது?

அண்ணாச்சி என்ன முடிவெடுத்தார் என்று கேட்பீர்கள். மாற்றவில்லை. லெட்டர் கொடுத்து ஸ்கீமை மாற்றிக்கொண்டார். ஆனால், மகளும் தோற்கவில்லை. 15 லட்ச ரூபாய் லோனுக்கு இரண்டு பேங்கிலும் ஒரே ஃபைலைக் கொடுத்து, ‘வட்டி என்ன, பிராசஸிங் ஃபீஸ் என்ன, அடமானம் என்ன’ என்று எழுத்தில் கேட்டிருக்கிறாள். எந்த பேங்க் நல்ல பதில் சொல்கிறதோ அங்கே லோன், கூடவே கணக்கும் போகும். “பத்து ரூபாய் ஆணிக்கே நாலு கடை ஏறி இறங்குறாங்கப்பா, நாம பதினைஞ்சு லட்சத்துக்கு ரெண்டு பேங்க் ஏறக்கூடாதா?” என்றாளாம். அண்ணாச்சிக்கு அதற்குப் பதில் இல்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பெண் செல்போனில் ஒரு அலாரம் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பேங்க் கணக்கைப் பார்க்கவேண்டும் என்பதற்காக.

கடை வாடகை 500 ரூபாய் ஏறினால் ஓனரோடு அரை மணி நேரம் வாதாடுகிறோம். லோடு இறக்குகிறவர் இருபது ரூபாய் கூடக் கேட்டால் முறைக்கிறோம். நம் கண்ணெதிரே, நம் ஸ்டேட்மென்ட்டிலேயே, தேதி போட்டு, காரணம் எழுதிப் பிடிக்கிற பணத்தை மட்டும் படித்துப் பார்ப்பதில்லை.

உங்கள் பேங்க் நல்ல பேங்காகவே இருக்கலாம். மாற்றவேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். அதைச் சொல்லவேண்டியது நீங்கள், உங்கள் கையிலிருக்கும் கணக்கைப் பார்த்து. பழக்கதோஷமும் சொல்லக்கூடாது, டை கட்டின பையனும் சொல்லக்கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறதா? இல்லையென்றால், ஒரு சிவப்பு மைப் பேனா வாங்கி வையுங்கள்.